கிரேக்க வெண்கலக் காசு சேர்க்க ஆசையா? தலையை விடுங்கள், பூவைப் பாருங்கள்

பண்டைய கிரேக்கக் காசு என்றதும் எல்லோருக்கும் ஆதென்ஸ் ஆந்தை போட்ட வெள்ளிக்காசுதான் நினைவுக்கு வரும். விலையைக் கேட்டதும் பாதிப் பேருக்கு ஆசையே போய்விடும். வெண்கலக் காசு வேறு உலகம். மாமன்னர் அலெக்சாண்டரின் அப்பா பிலிப் பெயர் வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கிற ஒரு காசை இன்றைக்கும் ஏலத்தில் நாற்பது ஐம்பது யூரோவுக்கு எடுத்துவிட முடிகிறது, அதுவும் அவ்வளவு மோசமில்லாத காசாக. வெள்ளி படைச் சம்பளத்துக்கும் பெரிய வியாபாரத்துக்கும் போனது. மீனும் ரொட்டியும் வாங்கக் கைமாறியது இந்தச் சில்லறைதான். அதனாலேயே தேய்ந்திருக்கும், மண்ணுக்குள் கிடந்து பச்சை ஏறியிருக்கும், எழுத்து பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். அதைப் பிடித்துக் கண்டுபிடிப்பதில்தான் சுவாரசியமே.

முதலில் கையில் இருக்க வேண்டியவை: நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, மில்லிமீட்டர் அளக்க ஒரு காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு சின்னக் காந்தம். இதற்கு மேல் எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். எடையும் விட்டமும் எழுதி வைக்காமல் தேட ஆரம்பித்தால் ஒரே படம் போட்ட நான்கு அளவுக் காசுகளில் உங்களுடையது எது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

எடை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கு உலோகத்தின் மதிப்பே காசின் மதிப்பு என்பதால் எடையை ஒழுங்காகக் காத்தார்கள். வெண்கலத்துக்கு அரசு சொன்னதுதான் மதிப்பு, ஆகவே யாரும் அவ்வளவு கவலைப்படவில்லை. ஒரே வகைக் காசு ஒன்று 5.5 கிராம், இன்னொன்று 7 கிராம் என்று இருக்கலாம், அதனால் மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். பாதிக்குப் பாதி வித்தியாசம் வந்தால்தான் யோசிக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் வேறு மதிப்புள்ள காசாக இருக்கும்.

காலத்தையும் சுருக்கமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்க வெண்கலக் காசு கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் சிசிலித் தீவுப் பக்கம் தொடங்குகிறது, தொடக்கத்தில் சில வார்த்த காசுகள், அப்புறம் அச்சில் அடித்தவை. மற்ற இடங்களுக்குப் பரவியது 4ஆம் நூற்றாண்டில்தான். கருங்கடல் கரையில் அம்புமுனை வடிவத்தில் வெண்கலத் துண்டுகளும், ஒல்பியா ஊரில் டால்பின் வடிவத்திலேயே வார்த்த காசும் உண்டு, ஆனால் அது தனி விஷயம். வட்டமான, இரண்டு பக்கமும் படம் போட்ட காசை யாராவது ‘கி.மு. 600, கிரேக்க வெண்கலம்’ என்று விற்றால் அந்த ஆளிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

சரி, கண்டுபிடிக்கிற விஷயத்துக்கு வருவோம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தலை பக்கத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முகம் தெளிவாக இருக்கிறது, யார் இவர் என்று தேடத் தோன்றும். ஆனால் கிரேக்க உலகத்தில் அப்பல்லோ தலை போடாத ஊரைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். அத்தீனா, ஜீயஸ், ஹெரக்கிளிஸ் எல்லாம் இதே கதைதான். நூற்றுக்கணக்கான ஊர்கள் காசு அடித்திருக்கின்றன, தலை பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து தெய்வங்களையே மாற்றி மாற்றிப் போட்டிருக்கின்றன. ஊர் தன் அடையாளத்தை வைத்தது பூ பக்கத்தில். ஊர்ப் பெயரோ ராஜா பெயரோ இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் காசைத் திருப்பிப் போட்டுத் தொடங்குங்கள்.

பூ பக்கத்தில் எழுத்து ஒன்றிரண்டாவது மிஞ்சியிருந்தால் பாதி வேலை முடிந்தது. கிரேக்க மொழி தெரிய வேண்டிய அவசியமே இல்லை, பெரிய எழுத்துகள் 24 தான், ஒரு சாயங்காலம் போதும். ஆங்கிலம் படித்த கண்ணுக்குக் குழப்பம் தருகிறவை சில இருக்கின்றன, அவற்றை மட்டும் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். ஆங்கில ‘பி’ (பிள்ளைக்குப் போடுகிற ‘பி’) வடிவில் இருப்பது அங்கே ‘ர’. ஆங்கில ‘எச்’ வடிவம் அங்கே நெடில் ‘ஏ’. இரண்டு காலுக்கு மேலே ஒரு குறுக்குக் கட்டை இருந்தால் ‘ப’, தலைகீழ் ‘வி’ என்றால் ‘ல’, வட்டத்தின் நடுவே செங்குத்தாகக் கோடு போனால் ‘ஃப’. ‘ஸ’ எழுத்து இரண்டு விதம்: பழைய காசில் ஆங்கில ‘எம்’ பக்கவாட்டில் படுத்த வடிவம், பிற்காலத்தில் ஆங்கில ‘சி’ வடிவம். இந்த ‘சி’ வடிவம் கண்ணில் பட்டால் காசு பெரும்பாலும் பிற்காலத்தது, ரோமர் ஆட்சிக்குள் போன ஊராகக்கூட இருக்கலாம்.

எழுத்தின் கடைசியைப் பாருங்கள். ‘ஓன்’ என்று முடிந்தால் அந்த ஊர்க்காரர்களுடைய காசு: சிராகோசியோன், எஃபெசியோன். ‘பசிலியோஸ்’ என்ற நீளமான சொல் இருந்தால் ராஜாவுடையது, பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். பல ஊர்கள் இடமில்லாமல் முதல் இரண்டு மூன்று எழுத்தோடு நிறுத்திவிடும், கருங்கடல் கரையின் பான்டிகாபையான் வெறும் ‘பான்’ என்று போட்டதைப் போல.

எழுத்தே இல்லையென்றால் படம். ரோட்ஸ் தீவு ரோஜாப்பூ, கோஸ் தீவு நண்டு, எஃபெசஸ் தேனீயும் மானும், சிதே ஊர் மாதுளம்பழம், லாரிசா ஊர் குதிரை. சிசிலிக் காசில் வரிசையாகப் புள்ளிகள் இருந்தால் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், மதிப்பைக் காட்டுகிற புள்ளி அது. அந்தத் தீவின் பணக் கணக்கில் ஒரு லித்ராவுக்கு 12 ஓங்கியா, மூன்று புள்ளி என்றால் மூன்று ஓங்கியா. காசின் உடம்பும் பேசும். விளிம்பு ரம்பப் பல்லாக வெட்டியிருந்தால் சிரியாவை ஆண்ட செலூக்கிய மன்னர்கள் பக்கம் தேடுங்கள். இரண்டு பக்கமும் நட்டநடுவில் சின்னக் குழி இருந்தால், கனமாகவும் இருந்தால், எகிப்தின் தாலமி மன்னர்கள்: ஆட்டுக்கொம்பு வைத்த ஜீயஸ் ஒரு பக்கம், இடியின் மேல் நிற்கும் கழுகு மறுபக்கம். அந்தக் குழியைப் பார்த்து யாரோ துளை போடப் பார்த்திருக்கிறார்கள் என்று விலை குறைத்துக் கேட்டால் விற்பவர் சிரிப்பார். காசு அடிப்பதற்கு முன் வில்லையைக் கடைசலில் பிடித்துச் சீர் செய்தபோது விழுந்த தடம் என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். இதில் பெரிய அளவுகள் 40 மில்லிமீட்டரைத் தாண்டும், எடை 60, 70 கிராம்கூட வரும். கையில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கனம் புரியும்.

இப்போது ஒரு காசை எடுத்துக் கடைசி வரை போய்ப் பார்ப்போம். கரும்பச்சை நிறம், 17 மில்லிமீட்டர், 6.4 கிராம். காந்தத்தில் ஒட்டவில்லை. பூ பக்கத்தில் குதிரை, முன்னங்கால் ஒன்று தூக்கியிருக்கிறது, மேலே துணியில்லாத இளைஞன். தலையிருக்கும் இடம் விளிம்புக்கு வெளியே போய்விட்டது, தோளும் தொடையும்தான் தெரிகிறது. குதிரைக்கு மேலே எழுத்து இருந்திருக்கிறது. காசைத் தட்டையாக வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரே ஒரு விளக்கை மேசை மட்டத்தில் பக்கவாட்டில் வைத்துக் காசை மெதுவாகச் சுற்றுங்கள். நிழல் விழும்போது இரண்டு கால் மேல் ஒரு கட்டை, அதன் பக்கத்தில் மறுபடியும் அதே எழுத்து, அதற்கடுத்து ஒரு வட்டம் என்று எழும்பி வரும். ‘ப்பொ’. குதிரைக்கு மேலே இரட்டை ‘ப’ வந்தால் வேறு யாரையும் தேட வேண்டாம், ‘ஃபிலிப்பூ’, அதாவது பிலிப்புடையது. இப்போது தலை பக்கத்தைத் திருப்புங்கள்: தலைமுடியைச் சுற்றி ஒரு மெல்லிய நாடா, பின்னால் முடிச்சின் நுனி தொங்குகிறது, அப்பல்லோ. மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப், ஆட்சி கி.மு. 359 முதல் 336 வரை, இதே வகைக் காசு அவர் செத்த பிறகும் கொஞ்ச காலம் அடிக்கப்பட்டது. குதிரையின் வயிற்றுக்குக் கீழே சின்னதாக ஒரு குறியோ எழுத்தோ இருக்கும், அதையும் குறித்துக்கொண்டு ஏலப் பதிவுகளில் அதே குறியுள்ள காசைத் தேடுங்கள். அந்தக் குறி எந்த நாணயச்சாலை என்று அடித்துச் சொல்லிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

தலை பக்கம் எப்போது முக்கியமாகிறது என்றால், இதே மாதிரி குதிரைக்காரன் இருந்து மறுபக்கம் சிங்கத்தோல் போர்த்திய ஹெரக்கிளிஸ் தலை இருக்கும்போது. அப்போது பிலிப் இல்லை. குதிரைக்குக் கீழே கசாண்டர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், கி.மு. 305 வாக்கில் மாசிடோனியாவின் ராஜா பட்டம் சூட்டிக்கொண்டவர். ஹெரக்கிளிஸ் தலையோடு பூ பக்கத்தில் வில் உறையும் கதாயுதமும் இருந்தால் அலெக்சாண்டரே. இதற்கு அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் பெல்லா என்ற இலவசத் தளத்தில் தேடலாம். தாலமி, செலூக்கிய மன்னர்களுக்கும் அதே சங்கத்தின் தனித் தளங்கள் உண்டு. ஊர்க் காசுகளுக்கு வைல்ட்விண்ட்ஸ், ஏசி சர்ச் இரண்டும் போதும், ஏசி சர்ச்சில் பழைய ஏலப் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். தேடும்போது தெய்வத்தின் பெயரை விட பூ பக்கத்தில் இருக்கும் பொருளை முதலில் போடுங்கள். ‘அப்பல்லோ’ என்று போட்டால் பல்லாயிரம் வரும், ‘திரிசூலம், டால்பின்’ என்று போட்டால் உடனே சிசிலியின் சிராகூஸ் ஊருக்குப் போய் நிற்பீர்கள்.

அந்தத் திரிசூலக் காசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். சிராகூஸை ஆண்ட இரண்டாம் ஹீரோன் அடித்தது, தலை பக்கம் கடல் தெய்வம் பொசைடன், பூ பக்கம் வேலைப்பாடுள்ள திரிசூலம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு டால்பின், கீழே ‘ஹீரோனோஸ்’ என்ற பெயர் இரண்டாக உடைந்து நிற்கும். ஏராளமாகக் கிடைக்கிறது, நல்ல நிலையில் இருப்பதுகூட விலை எட்டும் தூரம்தான். ஆர்க்கிமிடீஸ் இந்த ஹீரோனின் ஊர்க்காரர், அவர் காலத்துப் புழக்கத்துக் காசு இது. இதையும் பிலிப்பையும் விட்டால் அடுத்து அமிசோஸ் (இன்றைய துருக்கியின் சம்சுன்): நடுவில் மெதூசா முகம் வைத்த கவசம் ஒரு பக்கம், பனையோலை தோளில் சாய்த்து நடக்கும் வெற்றித் தேவதை மறுபக்கம், ரோமை எதிர்த்து நின்ற ஆறாம் மித்ரிதாத்திஸ் காலம். குதிரையும் பனைமரமும் போட்ட, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் காசும் மலிவுதான், அடித்தவர்கள் கிரேக்கர்கள் இல்லை என்றாலும் கிரேக்கக் காசோடு சேர்த்தே விற்பார்கள்.

கிரேக்க எழுத்து இருப்பதெல்லாம் இந்த வகை என்று நினைத்துவிடாதீர்கள். முகத்தைச் சுற்றி வட்டமாக நீள எழுத்து ஓடி, இலைக்கிரீடம் வைத்த நடுவயது மனிதர் இருந்தால் அது ரோமப் பேரரசரின் காலத்து மாகாணக் காசு, அதற்கு ஆர்பிசி என்று தனித் தளமே இருக்கிறது. நம் நாட்டுச் சந்தையில் அதிகம் கண்ணில் படுவது இந்தோ-கிரேக்கக் காசு: சதுர வெண்கலம், ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்து, மினாண்டர், அப்பல்லோடோட்டஸ் மாதிரி ராஜாக்கள். அதுவும் அருமையான துறைதான், ஆனால் தேடும் இடம் வேறு. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிரேக்கக் காசுகள் கிடைத்ததைப் பற்றி, தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்டுவிட்டு ‘கரூர் ஆற்றில் எடுத்தது சார்’ என்று நீட்டுகிற எதையும் வாங்கிவிடாதீர்கள், அந்த ஒரு வரிக்காக விலை மூன்று மடங்காகும்.

போலிகள்

வெண்கலம் மலிவு, இதற்குப் போய் யார் போலி செய்வார்கள் என்று கேட்பார்கள். செய்கிறார்கள். சுற்றுலாத் தலங்களில் விற்பதற்கென்றே வார்த்துத் தள்ளுகிறார்கள். விளிம்பை லூப் வைத்துச் சுற்றிப் பாருங்கள்: முழு வட்டத்துக்கும் மெல்லிய கோடு ஓடினாலோ, அதை அரம் போட்டு ராவிய தடம் இருந்தாலோ, சந்தேகம். ஆனால் ஒரு எச்சரிக்கை, அசலிலும் வில்லையை வார்த்துத்தான் செய்தார்கள், ஒன்றோடொன்று ஒட்டி வார்த்ததை வெட்டிய முனை சில காசில் நீட்டிக்கொண்டிருக்கும், அது குறையில்லை. பார்க்க வேண்டியது படத்தின் பரப்பு. அச்சில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் வெட்டென்று நிற்கும், அடித்த வேகத்தில் விளிம்பு பிளந்திருப்பதும் உண்டு. வார்த்த போலியில் எல்லாமே கொழகொழவென்று, தேய்ந்த சோப்புக் கட்டியாக இருக்கும், பள்ளங்களில் ஊசிமுனைக் குமிழிகள் தெரியும். ஒரே கடையில் இரண்டு காசு, இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல் என்றால் அப்புறம் பேச்சே இல்லை. காந்தத்தில் ஒட்டினாலும் அப்படித்தான்.

பச்சையும் போலியாக வரும். சுத்தமான அசிட்டோனில் பஞ்சை நனைத்து விளிம்பில் ஒரு ஓரமாகத் தடவினால் பூசிய சாயம் பஞ்சில் ஏறும், பசை போட்டு ஒட்டிய மண்ணும் உதிரும். அசல் பாட்டினாவுக்கு, அதாவது காலப்போக்கில் காசின் மேல் தானாகப் படிந்த படலத்துக்கு, ஒன்றும் ஆகாது. அடுப்பு பக்கத்தில் மட்டும் செய்யாதீர்கள், அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். இன்னொரு தொல்லை, அசல் காசையே ஊசியால் கீறி, மழுங்கிய முடியையும் எழுத்தையும் புதிதாகச் செதுக்கி வைப்பது. முகமெல்லாம் தேய்ந்திருக்க, முடி இழை மட்டும் நேற்றுப் போட்ட மாதிரி கூர்மையாக இருந்தால் அதுதான்.

வாங்குவது என்றால் ரசீது தருகிற, அசல் இல்லையென்றால் பணம் திரும்பத் தருவதாக எழுத்தில் சொல்கிற வியாபாரியிடமோ ஏல நிறுவனத்திடமோ வாங்குங்கள். ஏலத்தில் அடித்த விலைக்கு மேல் 20 சதவீதம் வாக்கில் அவர்கள் கட்டணம், தபால் செலவு, சுங்க வரி என்று ஏறிக்கொண்டே போகும், ஐம்பது யூரோ காசு வீட்டு வாசலுக்கு வரும்போது எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால் தபால் செலவு பிரிந்துவிடும். ஈபேயில் ‘கழுவாத பழங்காசு மூட்டை’ என்று வருவதில் கிரேக்கக் காசு கிடைக்கும் என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் பிற்கால ரோமச் சில்லறைதான், அதுவும் நல்லது எல்லாம் பொறுக்கியெடுத்த மிச்சம்.

துருக்கிக்கோ கிரீஸுக்கோ சுற்றுலா போகிறவர்கள் அங்கே இடிபாடுகளுக்குப் பக்கத்தில் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டப்படும் காசைத் தொடவே வேண்டாம். போலி என்றால் பணம் போச்சு. அசல் என்றால் அதைவிட மோசம், பழம்பொருளை நாட்டுக்கு வெளியே எடுத்துப் போவது அங்கே சிறைத்தண்டனைக் குற்றம். இந்தியாவிலும் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள்தான், தனியாள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே பின்னால் விற்பதாக இருந்தால் உள்ளூரிலேயே விற்கலாம் என்று நினைத்து வாங்குங்கள்.

கழுவாதீர்கள்

காசு கைக்கு வந்ததும் நம்மவர்களுக்குக் கை அரிக்கும். வெண்கலப் பாத்திரம், குத்துவிளக்கு எல்லாம் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய வீடு நம்முடையது. காசில் அதைச் செய்தால் ஐந்து நிமிடத்தில் பளபளவென்று செம்பு நிறத்தில் வரும், மதிப்பும் அத்தோடு முடிந்தது. புளி, எலுமிச்சை, வினிகர், பிதாம்பரி எதுவும் கிட்டே வரக்கூடாது. கெட்டியாக, வழவழப்பாக இருக்கிற பச்சையும் பழுப்பும் கருப்பும்தான் படத்தைக் காத்து வைத்திருக்கிற தோல். மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊற வைத்து, மூங்கில் பல்குத்தியால் மெல்லக் கிளறுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய பச்சை வேறு. வெளிர் பச்சையில், மாவாக, தொட்டால் உதிர்கிற களிம்பு. சுரண்டினால் கீழே குழி இருக்கும். மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, காற்றின் ஈரம் படப்பட உலோகத்தைத் தின்றுகொண்டே போகிற நோய் இது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது முதல் எதிரி. கண்டதும் அந்தக் காசைத் தனியே எடுத்துவிடுங்கள். மாவைப் பல்குத்தியால் முழுக்கச் சுரண்டி, சமையல் சோடாவையும் சலவைச் சோடாவையும் டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சமாகக் கரைத்து அதில் வாரக்கணக்கில் ஊறப் போட வேண்டும், தண்ணீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். பாட்டினாவின் நிறம் கொஞ்சம் மாறலாம், காசே போவதற்கு அது பரவாயில்லை. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, அசிட்டோனில் முக்கி எடுத்து, அசிட்டோன் முழுக்க ஆவியாகிப் போன பிறகு நன்றாக உலர்த்தி, மேலே மெல்லிய மெழுகு. ரினைசான்ஸ் வாக்ஸ் என்று அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவது கிடைத்தால் நல்லது. ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள், திரும்ப வரும் பழக்கம் இதற்கு உண்டு.

வைக்கிற இடம் காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், நிறம் மாறும் வகை என்றால் எப்போது மாற்றுவது என்று அதுவே சொல்லும். மெத்தென்று வளைகிற, வாசனை அடிக்கிற பிவிசி உறை வேண்டவே வேண்டாம், அதன் ரசாயனம் பச்சைப் பிசினாகக் காசில் இறங்கும். மைலார் உறை கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அதுதான் சரி. ஒவ்வொரு காசோடும் ஒரு சீட்டு: எந்த ஊர் அல்லது ராஜா, இரண்டு பக்கமும் என்ன, எடை, விட்டம், யாரிடம் எந்தத் தேதியில் என்ன விலைக்கு வாங்கியது. பழைய உரிமையாளரின் சீட்டு கூடவே வந்தால் கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், காசு எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.